பெயர் சொல்லாத கனி

ஆதியாகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஏவாள் பறித்துத் தின்ற கனிக்குப் பெயர் கிடையாது. எபிரெய மூலத்தில் இருப்பது ‘பெரி’ என்ற சொல். கனி என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. மரத்துக்கும் இனப்பெயர் தரப்படவில்லை. நன்மை தீமை அறியும் மரம் என்று, அது தருவதைக் கொண்டே குறிக்கப்படுகிறது. அந்த அதிகாரம் முழுவதிலும் இனம் சுட்டிச் சொல்லப்படும் மரம் அத்தி மட்டுமே. அதுவும் தின்று முடித்த பிறகு, உடுத்திக்கொள்ள இலை தேடும்போதுதான் வருகிறது.

கதை சொன்னவர் பெயர்களில் அக்கறை இல்லாதவர் அல்லர். ஏதேனிலிருந்து பிரிந்த நான்கு ஆறுகளுக்கும் பெயர் உண்டு. பொன் விளையும் ஆவிலா தேசத்துக்குப் பெயர் உண்டு. அங்கே கிடைக்கும் வாசனைப் பிசினும் மணிக்கல்லும்கூடச் சொல்லப்படுகின்றன. சொற்களோடு விளையாடவும் அவருக்குத் தெரியும். ‘அதாமா’ என்றால் மண். அதிலிருந்து எடுக்கப்பட்டவன் ‘ஆதாம்’. மனிதர் இருவரும் ‘அரும்மிம்’, அதாவது நிர்வாணிகளாய் இருந்தார்கள் என்று இரண்டாம் அதிகாரம் முடிய, அடுத்த வரியிலேயே பாம்பு ‘அரூம்’, அதாவது தந்திரமுள்ளது என்று வருகிறது. காதில் ஒன்றுபோல் விழும் இரு சொற்களால் வெகுளித்தனத்தையும் சூழ்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திய ஒருவர், கனியின் பெயரை மறந்துவிட்டார் என்று கொள்வது கடினம்.

பெயருக்குப் பதில் அவர் தந்திருப்பது பார்வை. அந்த மரம் உண்ண நல்லது, கண்ணுக்கு இனியது, அறிவைத் தரும் என்பதால் விரும்பத்தக்கது என ஏவாள் மூன்று விதமாகக் காண்கிறாள். கை நீளுவதற்கு முன்பே காரியம் பாதி முடிந்துவிடுகிறது. யோவானின் முதல் நிருபம் உலகத்தின் ஆசைகளை உடலின் இச்சை, கண்களின் இச்சை, வாழ்வின் செருக்கு என்று மூன்றாக வகுத்ததை இந்த வரியோடு சேர்த்து வாசிப்பது கிறித்தவத்தில் நெடுநாள் வழக்கம். 590 முதல் 604 வரை உரோமையில் போப்பாக இருந்த பெரிய கிரகோரி, சோதனை மூன்று படிகளில் நடப்பதாகச் சொன்னார்: தூண்டல், இன்பம், இசைவு. பாம்பு தூண்டியது, ஏவாள் இன்புற்றாள், ஆதாம் இசைந்தான். வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த சோதனையோ முதல் படியைத் தாண்டவில்லை என்பது அவர் விளக்கம். ஒரு தோட்டத்தில் நடந்ததை ஒரு பாலைநிலத்தோடு ஒப்பிடும் இந்த வாசிப்பு இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று இந்த இரு பகுதிகளும் ஒரே திருப்பலியில் வாசிக்கப்படுகின்றன. கிழக்குத் திருச்சபை பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றை, ஆதாம் ஏதேனிலிருந்து வெளியேற்றப்பட்ட நாளாகவே நினைவுகூர்கிறது. நான்காம் நூற்றாண்டின் புனித பசீலியு ஒரு படி மேலே போய், மனிதனுக்குத் தரப்பட்ட முதல் கட்டளையே நோன்புதான் என்றார். ‘இதைத் தின்னாதே’ என்பது அவர் காதில் விரத விதியாக விழுந்தது.

இத்தனைக்கும் கனியின் இனம் தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்பவர்களுக்கு ஆவல் அடங்கவில்லை.

முதலில் ஊகித்தவர்கள் யூத அறிஞர்கள். தல்மூதில் மூன்று ரபிகள் மூன்று விடை சொல்கிறார்கள். ரபி மெயிருக்கு அது திராட்சை. மனிதனுக்கு அழுகையைக் கொண்டுவருவதில் மதுவுக்கு ஈடு எதுவும் இல்லை என்பது அவர் காரணம். ரபி நெகேமியாவுக்கு அத்தி. எதனால் கெட்டார்களோ அதன் இலையாலேயே மானம் காத்தார்கள். ரபி யூதாவுக்குக் கோதுமை; தானியத்தின் ருசி அறியும்வரை குழந்தைக்கு அப்பா அம்மா என்று அழைக்கத் தெரியாது, ஆகவே அறிவின் உணவு தானியமே. கோதுமை மரமா என்று யாராவது கேட்டால் அதற்கும் விடை தயாராக இருந்தது: அக்காலத்தில் அது லீபனோனின் கேதுருக்கள்போல் ஓங்கி வளர்ந்திருந்ததாம். ஆதியாகமத்துக்கான பழைய யூத விளக்கநூலான ‘பெரேஷித் ரப்பா’வில் நான்காவதாக ஒன்று சேர்கிறது: கூடாரப் பண்டிகையில் கையிலேந்தும், நாரத்தை இனத்தைச் சேர்ந்த எத்ரோக். கனியைப்போலவே மரமும் தின்ன ருசியாயிருப்பது இது ஒன்றுதான் என்று அதற்கு வாதம். அதே நூலில் இன்னொரு குரலும் உண்டு. அந்த மரத்தின் பெயரைக் கடவுள் யாருக்கும் வெளிப்படுத்தவில்லை, வெளிப்படுத்தப் போவதுமில்லை. ‘உலகத்துக்குச் சாவைக் கொண்டுவந்த மரம் இதுதான்’ என்று மக்கள் ஒரு மரத்தைக் கைகாட்டிப் பேசக் கூடாது என்பதற்காக. இத்தனை ஊகங்களிலும் மிக மென்மையானது இதுவே. மரத்தின் மானத்தையும் காக்கிற கடவுள் அவர்.

திருமறைத் தொகுப்பில் சேராத பழைய நூல்களும் இந்தப் பேச்சில் கலந்துகொண்டன. ஏனோக்கின் நூலில் அந்த மரம் ஊசியிலை மரம்போல் உயர்ந்து, திராட்சைக் குலைபோல் காய்த்திருக்கிறது. ஆதாம் ஏவாள் வரலாறு கூறும் கிரேக்க நூலில், ஏவாள் தின்ற கணத்திலேயே தோட்டத்தின் மற்ற மரங்கள் எல்லாம் இலையுதிர்த்து நிற்கின்றன. அத்தி மட்டும் இலையோடு நிற்கிறது, ஏனென்றால் அவள் தின்றது அதிலிருந்துதான். இஸ்லாமிய உலகிலும் நிலைமை இதுவே. குர்ஆன் மரத்துக்குப் பெயரிடவில்லை. பின்வந்த விரிவுரையாளர்கள் பல கனிகளைச் சொன்னார்கள், அவற்றில் கோதுமை பரவலாக நிலைத்தது. பாரசீக, உருதுக் கவிஞர்கள் ஆதாமைச் சொர்க்கத்திலிருந்து இறக்கியது ஒரு கோதுமை மணி என்றே பாடினர்.

ஆக, முதல் சில நூற்றாண்டுகளில் ஆப்பிள் எங்கும் இல்லை. ஆப்பிளின் பூர்வீகம் நடு ஆசியாவின் தியான்ஷான் மலைச்சரிவு. ஏதேனின் இடமாகக் கருதப்படும் மெசபொத்தாமியாவின் சூட்டில் அது எளிதாகக் காய்க்கும் மரமும் அல்ல.

தொடக்கக் காலத் திருச்சபைத் தந்தையர் கனியைவிட உண்டவர்களின் பருவத்தையே யோசித்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் இரேனியு, ஆதாமும் ஏவாளும் இன்னும் வளராத பிள்ளைகள் என்று கருதினார். அந்த வாசிப்பில் குற்றம் அறிவை விரும்பியதில் இல்லை. பக்குவம் வருமுன் அவசரப்பட்டதில் இருக்கிறது. சிரியக் கவிஞரான எப்ரேம் (மறைவு 373) ஏதேனை ஒரு மலையாகக் கண்டார். மலையுச்சியில் வாழ்வின் மரம். அதற்கு முன்னால் எருசலேம் ஆலயத்தின் திரைபோல் அறிவின் மரம். திரையைக் கடக்க உரிய நேரமும் உரிய அழைப்பும் உண்டு. ஆதாம் அழைக்கப்படும்முன் உள்ளே கைவைத்தான். இன்றைய சிரியாவின் தூரா யூரோப்பசில், 256-இல் அழிந்த நகரத்தின் இடிபாடுகளுக்குள், உலகின் மிகப் பழைய கிறித்தவ வழிபாட்டிடங்களில் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே, நல்ல மேய்ப்பனின் உருவத்துக்கடியில் சின்னஞ்சிறிதாக ஆதாமும் ஏவாளும் மரமும் பாம்பும் தீட்டப்பட்டிருக்கின்றன. தண்ணீரில் இறங்குகிறவர் எதிலிருந்து மீள்கிறார் என்பதை அந்தச் சிறு ஓவியம் காட்டியது. என்ன பழம் என்று காட்ட வேண்டிய அவசியம் அங்கே இருக்கவில்லை.

மேற்கில் இந்தக் கதையின் பொருளை யாரையும்விட அதிகமாகத் தீர்மானித்தவர் அகுஸ்தீன் (354–430). பிறவிப் பாவம் என்ற கோட்பாட்டுக்கு அவர் தந்த வடிவமே பல நூற்றாண்டுகளுக்கு நின்றது. ஆனால் இவரும் அந்த மரம் இன்னது என்று தேடி அலையவில்லை. ஏதேனில் விளைந்த எதுவும் தீயதாய் இருக்க முடியாது, மரமும் நல்லதே, மீறியதுதான் தீமை என்று அவர் எழுதினார். வேறு உணவு இத்தனை கொட்டிக் கிடக்கையில் காப்பதற்கு அவ்வளவு எளிதான கட்டளை அது. எளிதாக இருந்ததாலேயே மீறல் கொடிதாயிற்று. இதை அவர் சொந்த வாழ்விலிருந்து அறிந்திருந்தார் என்றே சொல்ல வேண்டும். 397-ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய ‘அறிக்கைகள்’ நூலில், 16 வயதில் கூட்டாளிகளோடு இரவில் போய் அண்டையிலிருந்த பேரிக்காய் மரத்தை உலுக்கிய கதையைச் சொல்கிறார். பசியில்லை, அதைவிட நல்ல பழம் வீட்டிலேயே இருந்தது. பறித்ததில் பெரும்பகுதி பன்றிகளுக்குப் போனது. கூடாது என்பதைத் தவிர அந்தத் திருட்டில் வேறு இன்பம் இல்லை என்று பக்கம் பக்கமாகத் தன்னையே குடைகிறார். பெண்ணாசையை நூலில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் ஒருவர், சில பேரிக்காய்களுக்கு இத்தனை இடம் ஒதுக்கியது பலருக்கு வேடிக்கையாகப் பட்டதுண்டு. ஆதியாகமத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வேடிக்கை தெரியாது. அவருடைய சொந்த ஊரான தகாஸ்தேயின் அந்த மரம் அவருக்கு ஏதேனின் மரமேதான்.

ஆப்பிள் எப்படி வந்தது? வழக்கமாகச் சொல்லப்படும் விடை இலத்தீன் சிலேடை. இலத்தீனில் ‘மலும்’ என்றால் தீமை; முதல் உயிரை நீட்டி ‘மாலும்’ என்றால் ஆப்பிள். நன்மை தீமை அறியும் மரம் என்ற தொடரிலேயே அந்த ஒலி இருப்பதால், தீமையின் மரம் ஆப்பிள் மரமாயிற்று என்பார்கள். ஜெரோம் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முடித்த இலத்தீன் மொழிபெயர்ப்புதான் பழியைச் சுமக்கிறது. ஆனால் ஜெரோம் அந்த இடத்தில் எழுதிய சொல் ‘ஃப்ருக்துஸ்’, கனி என்ற பொதுச்சொல். ஆப்பிளை அவர் கொண்டுவரவில்லை.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்ஸான் யாதின்-இஸ்ரேல் 2022-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தச் சிலேடைக் கதையையே ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. இடைக்கால இலத்தீன் உரையாசிரியர்களிடம் தேடினால் திராட்சையும் அத்தியும் கிடைக்கின்றன. சிலேடையோ ஆப்பிளோ எதிர்பார்த்த அளவில் கிடைப்பதில்லை. மாற்றம் தெரிவது ஓவியத்தில், அதுவும் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி, முதலில் பிரான்சில். பழைய பிரெஞ்சில் ‘பொம்’ என்றால் பழம், எந்தப் பழமும். ஆதியாகமக் கதையை மக்கள் மொழியில் சொன்னவர்கள் ஏவாள் ‘பொம்’ தின்றாள் என்றார்கள், சரியாகவே சொன்னார்கள். பின்னர் அந்தச் சொல்லின் பொருள் குறுகி ஆப்பிளை மட்டும் குறிக்கத் தொடங்கியது. கதையில் சொல் மாறவில்லை. கேட்பவர் மனத்தில் பழம் மாறிவிட்டது. ஆங்கிலத்தின் ‘ஆப்பிள்’ என்ற சொல்லும் முன்பு பொதுவாகப் பழத்தைக் குறித்ததே. பொதுப்பெயர் ஒரு பொருளுக்கே உரியதாகச் சுருங்குவது தமிழுக்கும் புதிதல்ல: வாசனை என்று பொருள்பட்ட ‘நாற்றம்’ கெட்ட வாடைக்கு மட்டும் ஆகிவிட்டது. எந்தத் திருச்சபை மன்றமும் கூடி ஆப்பிளைத் தேர்ந்தெடுக்கவில்லை. மொழி வழுக்கிய இடத்தில் அது வந்து விழுந்தது.

ஓவியர்கள் தங்கள் ஊரை ஒட்டியே நின்றார்கள். இத்தாலியில் அத்தி எளிதில் ஒழியவில்லை. 1508-க்கும் 1512-க்கும் இடையே சிஸ்டைன் ஆலயக் கூரையில் மைக்கலாஞ்சலோ தீட்டியது அத்திமரம். 1432-இல் நிறைவுற்ற கெண்ட் நகரப் பீட ஓவியத்தில் வான் ஐக் வரைந்த ஏவாளின் கையிலிருப்பது மேடுபள்ளமான தோலுள்ள, எலுமிச்சைக் குடும்பத்துப் பழம். ஜெர்மனியின் குரானாக்குக்கோ ஆப்பிளைத் தவிர வேறு நினைவில்லை. அவரும் அவருடைய பட்டறையும் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை இந்தக் காட்சியைத் தீட்டி விற்றார்கள். பாம்புக்கும் இதே கதிதான். 1170-ஐ ஒட்டிப் பாரிசில் வேதாகம வரலாறு எழுதிய பேதுரு கொமெஸ்தோர், பாம்புக்குக் கன்னியின் முகம் இருந்ததாகவும், ஒத்தது ஒத்ததை நாடும் என்பதால் சாத்தான் அந்த உருவைத் தேர்ந்ததாகவும் எழுதினார். அதன் பிறகு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் பல ஓவியங்களில் ஏவாளை மயக்குவது இன்னொரு பெண் முகம். ஆதியாகமத்தில் பாம்பு வெறும் பாம்பு. அது சாத்தான் என்றுகூட அங்கே சொல்லப்படவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஓவியத்தைவிட நாடகம் நெருக்கம். 12-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சில் எழுதப்பட்ட ‘ஆதாம் நாடகம்’ ஒரே ஒரு கையெழுத்துப் படியில் பிழைத்திருக்கிறது. அதில் மேடைக்குரிய குறிப்புகள் இலத்தீனில் விரிவாக உள்ளன. ஏதேன் உயர்ந்த இடத்தில் அமைய வேண்டும். சுற்றிலும் பட்டுத்திரை கட்டி, உள்ளிருப்பவர்கள் தோளுக்கு மேல்தான் தெரிய வேண்டும். மணமுள்ள பூக்களும் பழம் தொங்கும் மரங்களும் வேண்டும். தந்திரமாகச் செய்த ஒரு பாம்பு மரத்தண்டில் ஏற வேண்டும். முடிவில் பேய்கள் இருவரையும் சங்கிலியிட்டு நரகத்துக்கு இழுத்துப்போக, உள்ளிருந்து புகை கிளம்ப வேண்டும், சட்டி பானைகளைத் தட்டி ஆரவாரம் எழ வேண்டும். தெருக்கூத்து பார்த்த எவருக்கும் இந்தச் சட்டி ஓசை அந்நியமாக இராது.

இதுபோன்ற நாடகங்களுக்குத் தேவைப்பட்ட மரம் தனிக்கதை ஆயிற்று. ஐரோப்பிய மரபில் டிசம்பர் 24 ஆதாம், ஏவாளின் நாள். குளிர்காலத்தில் இலையோடு நிற்பது ஊசியிலை மரம்தான் என்பதால், அதில் ஆப்பிள்களைக் கட்டி ஏதேன் மரமாக்கினார்கள். 1605-ஆம் ஆண்டின் ஒரு குறிப்பு, ஸ்ட்ராஸ்பர்க் வீடுகளில் ஊசியிலை மரத்தை நிறுத்தி, அதில் காகித ரோஜாக்கள், ஆப்பிள்கள், நற்கருணை அப்பம்போன்ற மெல்லிய தகட்டு அப்பங்கள், பொன்தாள், மிட்டாய் ஆகியவற்றைத் தொங்கவிட்டதைச் சொல்கிறது. விழவைத்த பழமும் மீட்கும் அப்பமும் ஒரே கிளையில். கிறிஸ்துமஸ் மரத்தின் மூதாதைகளில் ஒன்று இந்த ஏதேன் மரம் என்று பலர் கருதுகின்றனர். அப்படியானால் இன்று அதில் தொங்கும் செம்பந்துகள், பெயர் தெரியாத அந்தக் கனியின் பேரப்பிள்ளைகள்.

வெப்ப நாடுகளுக்குப் போன கிறித்தவர்களுக்கு வேறு எண்ணம் தோன்றியது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் திருப்பயணம் போனவர்கள் அங்கே கண்ட ஒரு நீண்ட பழத்தை ‘பரதீசின் ஆப்பிள்’ என்று எழுதினார்கள். குறுக்கே வெட்டினால் உள்ளே சிலுவை தெரிகிறது என்று வியந்தார்கள். அது வாழைப்பழம்.

போப்பின் தூதராகச் சீனாவுக்குச் சென்று திரும்பிய பிரான்சிஸ்கன் துறவி மரிஞோல்லி இந்த எண்ணத்தை முழுமையாக வளர்த்தார். திரும்பும் வழியில் கொல்லத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கினார். பிறகு இலங்கையில் ஒதுங்கி, அங்கே ஆட்சியைப் பிடித்திருந்த ஒருவரிடம் உடைமைகளைப் பறிகொடுத்தார். 1353-இல் போப் அப்போது இருந்த அவிஞோனை அடைந்து, பின்னர் பேரரசர் நான்காம் சார்லசுக்காக எழுதிய பொகேமிய வரலாற்று நூலில் இந்தப் பயண நினைவுகளை இடையிடையே செருகிவிட்டார். ஏதேன் இலங்கையிலிருந்து 40 இத்தாலிய மைல் தூரத்தில் இருப்பதாகவும், அதன் ஊற்றுநீர் விழும் ஓசை கேட்பதாகவும் அவ்வூரார் சொன்னதை அவர் பதிவு செய்கிறார். இதற்கு அடித்தளம் அங்கேயே இருந்தது. ஆதாம் சொர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் சரந்தீப் (இலங்கை) மலை என்பது அராபியப் பயணிகளின் பழைய நம்பிக்கை. தமிழர் சிவனொளிபாதம் என்றும் சிங்களர் ஸ்ரீ பாத என்றும் வணங்கும் அதே மலை, முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை. 1344-இல் இப்னு பதூதா அதில் ஏறினார். மலையடியில் ஆதாமின் தோட்டம் என்று காட்டப்பட்ட இடத்தில் மரிஞோல்லி கண்டது வாழை. வேதாகமத்தின் ‘அத்தி இலை’ உண்மையில் வாழையிலையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அளவைப் பார்த்தால் நியாயமான வாதம். அத்தி இலை எத்தனை தைத்தாலும் ஓர் ஆளை மூடாது. காற்றடித்தால் வாழையிலை நார்நாராய்க் கிழிந்துபோகும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த எண்ணம் அறிவியல் பெயராகவும் ஏறியது. ஸ்வீடனின் தாவரவியலாளர் லின்னேயுஸ், ஹார்லெம் நகரருகே ஒரு செல்வந்தரின் கண்ணாடிக் கூடத்தில் வாழை பூத்ததை 1736-இல் தனிநூலாகவே எழுதியவர். 1753-இல் அவர் வாழைக்கு இட்ட பெயர் ‘மூசா பரதீசியாகா’, பரதீசின் வாழை. சில ஆண்டுகளில் மற்றொரு வகைக்கு ‘மூசா சப்பியெந்தும்’, ஞானியரின் வாழை, என்று பெயரிட்டார். இந்திய ஞானியர் உண்ணும் பெரும்பழம் பற்றி உரோமை எழுத்தாளர் பிளினி எழுதியதன் எதிரொலி அது. பரதீசும் ஞானமும் ஒரே செடியில் வந்து சேர்ந்தன. தாவர நூலார் இன்னொன்றையும் சொல்வார்கள்: வாழை மரமே அல்ல, பெரிய பூண்டு. மேற்கிந்தியத் தீவுகளில் 18-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பம்பளிமாஸ் கலப்பினம் ஒன்றும் ‘விலக்கப்பட்ட கனி’ என்றே அழைக்கப்பட்டு, 1830-இல் ‘சிட்ரஸ் பரதீசி’ ஆயிற்று. இலங்கைக் காடுகளில் ‘திவி கதுரு’ என்று சிங்களர் சொல்லும் நச்சுக்காயையும் ஐரோப்பியர் விடவில்லை. ஆரஞ்சு நிறமாய்த் தொங்கும் அதன் ஒரு பக்கம் யாரோ கடித்துவிட்டதுபோல் குழிந்திருக்கும். அந்தப் பல்தடம் ஏவாளுடையது என்றார்கள்.

தமிழில் இந்தக் கதை அச்சேறியது தரங்கம்பாடியில். 1706-இல் வந்திறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை முடித்த பின் பழைய ஏற்பாட்டைத் தொடங்கி, ரூத் ஆகமம்வரை மொழிபெயர்த்து 1719-இல் மறைந்தார். மீதியை அவருக்குப் பின்வந்த சூல்ட்சே முடிக்க, 1728-இல் பழைய ஏற்பாட்டின் அச்சு நிறைவுற்றது. இன்று சபைகளில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொற்கள் விருட்சமும் கனியும்; எபிரெயத்தின் பொதுமை அப்படியே காக்கப்பட்டிருக்கிறது. ‘பொம்’ சறுக்கியதுபோல் ‘கனி’ ஒருபோதும் ஒரே பழமாகச் சுருங்கவில்லை. ஆனால் ஞாயிறு பள்ளியின் வண்ணப் படங்களும் காலண்டர்களும் மேற்கத்திய ஓவியத்தைப் பின்பற்றியவை. அவற்றில் ஏவாளின் கையிலிருப்பது சிவந்த, உருண்டையான ஒரு பழம். அதைத் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலப் பெயரால்தான் அழைக்கிறார்கள்.